இருபத்து மூன்று

வெளியே மைனஸ் முப்பத்து நான்கு.
வின்னிபெக் தெருவில் கார்கள் எல்லாம்
சுவர்ப் பிளக்கில் வாய்வைத்து உறங்குகின்றன.
பள்ளியின் மூன்றாம் மாடி மட்டும்
திங்களிலிருந்து பேசவில்லை.

பேசவில்லை என்பதும் சரியில்லை.
பேசும், நின்றுவிடும், ஏழு நிமிடம் கழித்து
ஒன்றுமே நடக்காததுபோல்
இருபத்தொரு டிகிரி என்னும்.
அந்த இருபத்தொரு டிகிரியில் பிள்ளைகள்
கையுறையோடு பின்னக் கணக்குப் போடுகிறார்கள்.

கொதிகலன்காரர் வந்து பார்த்தார்: என் பெட்டி சரி.
மின்விசிறிக்காரர் வராமலே சொன்னார்: என்னுடையதும் சரி.
எல்லாப் பெட்டியும் சரியாக இருக்கிற கட்டடத்தில்தான்
குளிர் இவ்வளவு சௌகரியமாக
உட்கார்ந்துகொள்கிறது.

"நீதானா, ஒரிசியா" என்று
ஏணியைப் பிடித்துக்கொண்டார் காவலர் ரெமி.
மேற்கூரைப் பலகையைத் தூக்கினேன்.
தூசி, ஒரு பென்சில், இரண்டு கம்பி.

இரண்டே கம்பி.
ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு அறை அறையாகப் போகிறது.
பட்டியலில் முப்பது பெட்டி, முப்பது எண்.
முறை வந்தவர் பேசலாம்.
பேசி முடித்து, முறையை அடுத்த எண்ணிடம் தரவேண்டும்.
எங்கள் வீட்டு உணவு மேசையில்
இந்த ஒழுங்கு ஒருநாளும் இருந்ததில்லை.
கடைசியில் நிற்கும் முப்பது, அவ்வப்போது
இருட்டைப் பார்த்துக் கேட்கும்:
எனக்கு அப்புறம் யாராவது உண்டா?
பதில் வராது.
சற்றே காத்திருந்து, முறையை ஒன்றிடம் தந்துவிடும்.

மின்சாரத்தை நிறுத்தி அளந்தேன்.
அறுபது ஓம் வரவேண்டும்.
நாற்பது வந்தது.
கம்பியின் இரண்டு நுனியில் மட்டும் இருக்கவேண்டிய மின்தடையை
நடுவழியிலும் ஒருவர் வைத்திருக்கிறார்,
நல்லெண்ணத்தோடு,
இன்சுலேஷன் டேப் சுற்றி, அழகாக.
பிடுங்கினேன். அறுபது.
ரெமி காபி கொண்டுவந்தார்.
காபி ஆறுவதற்குள்
மாடி மறுபடி வாயை மூடிக்கொண்டது.

பிறகு வேறு வழியில்லை.
கம்பியைப் பாதியில் பிரித்தேன்.
ஒரு பாதி பேசியது, மறு பாதி திணறியது.
திணறிய பாதியில் பாதி. அதில் பாதி.
மணி ஒன்பதரை. முழங்கால் என்னுடையது அல்ல.
இருபத்து மூன்றாம் பெட்டியிடம் வந்து நின்றேன்.
கழற்றி உள்ளங்கையில் வைத்தேன், விளக்கணைந்த பெட்டி.
பிரித்ததையெல்லாம் திரும்பச் சேர்த்து
மடிக்கணினியைப் பார்த்தால்
இருபத்து மூன்று உயிரோடு இருக்கிறது.
பதினான்கு டிகிரி என்கிறது.
திணறாமல், தெளிவாக, முதல் தடவையாக.

யார் நீ?

ரெமி தொண்டையைச் செருமினார்.
கிறிஸ்துமஸ் கச்சேரிக்கு முந்தின நாள்
இசை அறைக்குப் புதுப் பெட்டி மாட்ட ஒரு பையன் வந்தானாம்.
அவசரம். உள்ளே பிள்ளைகள் டிரம்பெட் ஊதிக்கொண்டிருந்தார்கள்.
சுவிட்சை எப்படி வைப்பது என்று கேட்டானாம்.
"பக்கத்து அறையில் எப்படி இருக்கிறதோ
அப்படியே வை என்றேன்" என்றார்.
பிறகு, யாரும் கேட்காமலே,
"நான்தான் சொன்னேன்" என்றார் இன்னொரு முறை.

அவ்வளவுதான். ஒரே பெயரைக் கூப்பிட
இரண்டு பேர் ஒரே நொடியில் ஏன் என்று கேட்டிருக்கிறார்கள்.
இரண்டு உண்மை ஒரு கம்பியில் மோதினால்
இரைச்சல்.

இசை அறை. ஒரு டிரம்பெட் உறை, கவிழ்த்த நாற்காலிகள்.
பெட்டியின் வயிற்றில் எட்டுக் குட்டிச் சுவிட்சு:
பதினாறு, நான்கு, இரண்டு, ஒன்று மேலே.
எட்டுக்குரியதை மட்டும் நகத்தால் தள்ளினேன்.
கையிலிருந்த பழைய இருபத்து மூன்றை
அதன் சுவரிலேயே திரும்ப மாட்டினேன்.

படிக்கட்டில் உட்கார்ந்து
இரண்டு பேரும் திரையைப் பார்த்தோம்.
இருபத்தெட்டு பேசியது. இருபத்தொன்பது பேசியது.
முப்பது தன் வெப்பத்தைச் சொல்லி முடித்து
வழக்கம்போல் இருட்டைக் கேட்டது:
எனக்கு அப்புறம் யாராவது உண்டா?

இருக்கிறேன் என்றது இசை அறை.
பதினான்கு டிகிரி. வால்வைத் திற.